ராணி பாக் பார்க்கப் போன நாள்

பம்பாய்க்கு வந்து ஏழு மாதமாகியும் பேராச்சி தாராவியை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. அவள் புருஷன் பிரம்மநாயகம் துறைமுகத்தில், முக்காதம் என்கிற கூலி மேஸ்திரியின் கீழ், மூட்டை இறக்குகிறவன். யுத்த காலம். கப்பல்கள் வந்த வண்ணமாக இருந்ததால் அவனுக்கு லீவு என்பதே இல்லை. சித்திரை முதல் நாள் ராணி பாக் மிருகக்காட்சித் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து நின்றான். அவள் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய அண்ணன் சொரிமுத்துதான் அதற்கு ஒரு வழி சொன்னான். அதே சந்தில் குடியிருந்த அவனுக்குத் தோல் ஷாப்பில் வேலை, வெள்ளிக்கிழமை லீவு.

“நாளைக்கு உம்ம இடத்துல நான் போறேன் மாப்ளே. முக்காதம் பேரு கூப்பிட்டா ‘ஹாஜர்’னு சொல்லணும், அம்புட்டுதானே? அந்தக் கூட்டத்துல எவன் மூஞ்சி எதுன்னு அவனுக்குத் தெரியவா போவுது?”

“மாட்டினா என்னைத் துரத்திப்புடுவான், மச்சான்.”

“ஒரு நாளுதானய்யா. பாவம், தங்கச்சி மூஞ்சியப் பாரும்.”

வெள்ளிக்கிழமை காலையில் சொரிமுத்து துறைமுகத்துக்குப் போனான். மத்தியானம் பேராச்சியும் பிரம்மநாயகமும் சயானில் ரயிலேறிப் பைகுலாவில் இறங்கி நடந்தார்கள். பெரிய இரும்புக் கேட்டைத் தாண்டியதும் பேராச்சி நின்று அண்ணாந்து பார்த்தாள். இத்தனை மரங்களா? இந்த ஊரிலா? கல்வாழைகள் சிவப்பும் மஞ்சளுமாக வரிசை கட்டி நின்றன. லீவில் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இரண்டு பேர் யானைக்கு வாழைப்பழம் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குளத்தங்கரைக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிப் புல்லில் உட்கார்ந்தாள்.

பிரம்மநாயகம் உட்காரவில்லை. கரையோரமாகப் பத்தடி நடந்து திரும்பி வந்தான். கேட்டுப் பக்கம் பார்த்தான். எதிரே வந்த பார்ஸிக் கிழவரிடம் மணி கேட்டான். கால் மணி நேரம் கழித்து இன்னொருவரிடம் கேட்டான். பீடியைப் பற்றவைத்துப் பாதியில் எறிந்தான்.

“கொஞ்சம் உக்காருங்களேன். கால்ல முள்ளா குத்துது?”

“முக்காதத்துக்குத் தெரிஞ்சவன் எவனாவது இங்க வந்தான்னா? நேரத்தோட கிளம்பிருவோமா?”

“இன்னும் அந்தப் பக்கமே பாக்கல. வாத்தைக்கூடப் பாக்கல.”

“வாத்துல என்ன இருக்கு பாக்கதுக்கு?”

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “எனக்காகவா வந்தீய? உடம்பு இங்க இருக்கு, மனசு கப்பல்லல்லா இருக்கு. இதுக்கு நீங்க வேலைக்கே போயிருக்கலாம்.”

அவன் மறுபடி கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளுக்கும் அதற்குமேல் குளம் அழகாகத் தெரியவில்லை. புல்லைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மணி தாண்டியிருக்கும். முதலில் தரைதான் அசைந்தது. உட்கார்ந்திருந்த அவளை அடியிலிருந்து யாரோ தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. குளத்துத் தண்ணீர் கரையேறி அவள் சேலையை நனைத்தது. மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒரே மொத்தையாக எழும்பின. எங்கோ கண்ணாடிகள் உடைந்து கொட்டின. “ஜப்பான் குண்டு! ஜப்பான் குண்டு!” என்று கத்திக்கொண்டு ஜனங்கள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். கூண்டுக்குள் ஏதோ ஒரு மிருகம் நிறுத்தாமல் உறுமியது.

பிரம்மநாயகம் மட்டும் ஓடவில்லை. தெற்கே எழுந்த புகையைப் பார்த்து நின்றான். அது கறுப்பாக, தடித்து, மேலே போய்க் குடைபோல விரிந்தது.

“அது டாக்கு. நான் வேலை பாக்குற எடம்,” என்றான்.

பேராச்சிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “எங்கண்ணன்...” என்று எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை.

“நீ ஸ்டேஷனுக்குப் போ. நான் போயிப் பாத்துட்டு வாரேன்.”

“மாட்டேன். நானும் வருவேன்.”

துறைமுகத்தை ஒட்டிய மஜ்காவ் பக்கம் போகப் போக, கூட்டம் எதிர்த்திசையில் வந்தது. தலையில் படுக்கை, கையில் குழந்தை, ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு. அந்த வெள்ளத்துக்குள் இவர்கள் இருவர் மட்டும் தெற்கே போனார்கள். அரை மணி கழியவில்லை, இரண்டாவது வெடி வெடித்தது. பிரம்மநாயகம் அவளை ஒரு கடைப் படிக்கட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். கப்பலில் வந்த பஞ்சு எரிந்துகொண்டே மேலிருந்து துண்டு துண்டாக விழுந்தது.

துறைமுகத்துக்குப் போகும் தெருவைப் போலீஸ் மறித்திருந்தது. அங்கேதான் ஜெயினுலாப்தீனைக் கண்டார்கள். அவனும் அதே கூலிக் கூட்டத்து ஆள், மேலப்பாளையத்துக்காரன், ஆள் மாறிய விஷயம் தெரிந்தவன். தலையெல்லாம் சாம்பல். பிரம்மநாயகத்தைப் பார்த்ததும் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

“வெடிமருந்துக் கப்பல் வெடிச்சுட்டு. உம்ம மச்சானைத் தூக்கிட்டுப் போனாங்க வே. உசிரு இருந்துச்சு. பெரியாஸ்பத்திரி லாரியிலதான் ஏத்தினாங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. வராந்தா முழுக்கப் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். சில முகங்களில் பார்க்க எதுவும் இல்லை. மேஜையில் பேரேடு வைத்திருந்த குமாஸ்தாவிடம் பிரம்மநாயகம், “சொரிமுத்து, தாராவி,” என்றான். குமாஸ்தா விரலை ஓட்டி, இல்லை என்று தலையாட்டினார். மறுபடி பார்க்கச் சொன்னான். மறுபடியும் இல்லை. பேராச்சி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் பேரையே சொன்னான்: “பிரம்மநாயகம்.”

“ஹாங், ஹை,” என்றார் குமாஸ்தா. ஆமாம், இருக்கிறான். மாடியில், கடைசி வார்டு.

சொரிமுத்துவின் தலையிலும் காதிலும் கட்டு. முறிந்த வலது கால் பலகை வைத்துக் கட்டியிருந்தது. தங்கச்சியைப் பார்த்ததும் ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை.

“வந்துட்டியா? அழாத! கண்ணு தெரியுது, கை இருக்கு!”

பிறகு பிரம்மநாயகத்தைக் கண்டு, தன் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினான்.

“எவனோ பேரு கேட்டான். காலையிலருந்து சொல்லிச் சொல்லி, உம்ம பேருதான் வாயில வந்துச்சு. போயி மாத்தச் சொல்லும், மாப்ளே. செத்தா நான் என் பேர்லல்லா சாவணும்!”

பிரம்மநாயகம் பேராச்சியைப் பார்த்தான். பேரை மாற்றினால் விஷயம் முக்காதம் வரை போகும். வேலை போகும்.

“போயிச் சொல்லுங்க,” என்றாள் அவள். “நான் அண்ணன்கிட்ட இருக்கேன்.”

அவன் படியிறங்கிப் போய், குமாஸ்தாவின் கை ஓய்கிற வரைக்கும் வரிசையில் நின்று, தன் பேரை அடித்துவிட்டுச் சொரிமுத்து என்று எழுதச் சொன்னான்.

வேலை போகத்தான் செய்தது. அடுத்த மாதமே பிரம்மநாயகம் மச்சானின் தோல் ஷாப்பில், மச்சானின் இடத்திலேயே சேர்ந்தான். தோல் நாற்றம் பழக ஒரு மழைக்காலம் ஆயிற்று. சொரிமுத்து ஆடி மாதம் கட்டையூன்றிப் பேராச்சியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். இடது காதுக்குக் கேள்வி திரும்பவே இல்லை, வலதும் மந்தம்தான். அவனிடம் எதைச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்த வீட்டில் எந்தச் சண்டையும் சந்துக்குத் தெரியாமல் நடக்கவில்லை.

பேராச்சிக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. புருஷனோ அண்ணனோ வர ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு வந்து நின்றுவிடுவாள். அதற்காக எத்தனையோ நாள் சோறு தீய்ந்திருக்கிறது. இரண்டு பேருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.