பூச்சின் மேல் ஒட்டிய துணி

ஏணியில் நின்றபடி ஐந்து ரூபாய் நாணயத்தால் பீமின் அடிப்பக்கத்தைத் தட்டினாள் பெலிண்டா. 'டொப்' என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினாள். அங்கேயும் 'டொப்'.

கார்பன் ஃபைபர் துணி காங்கிரீட்டைப் பிடித்திருந்தால் கெட்டியாக 'டிக் டிக்' என்று கேட்கவேண்டும். மண்ணச்சநல்லூர் அரிசி மில்லின் இந்தப் பீமில் விரிசல் கண்டதால்தான், அந்தக் கறுப்புத் துணியைப் பசை தடவி அடியில் ஒட்டிப் பலப்படுத்தும் வேலை இன்ஜினீயர் பெலிண்டாவிடம் வந்தது. வேலை சரி என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அதை நம்பி நேற்று பீமைத் தாங்கிய இரும்பு முட்டுகளை எடுத்துவிட்டார்கள். முட்டு எடுக்கும் முன் தட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? இப்போது வந்து தட்டுகிறாள், மகராசி!

மாடியில் காலையிலிருந்து நெல் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. தொம்மென்று ஒவ்வொரு மூட்டையும் விழும்போது ஏணி அதிர்ந்தது. பீமுக்கு நேர் கீழே காளியாயியும் நாலைந்து பெண்களும் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி விக்டருக்கு போன் போட்டாள்.

"விக்டர், சிமெண்ட் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தானே ஒட்டுனீங்க?"

"அது வந்துங்க மேடம்... தேய்ச்சா தூசி பூரா அரிசியில விழும்னு முதலாளி பாய் கெஞ்சினாருங்க. பூச்சு கல்லு மாதிரி இருந்துச்சு. அதான் அதுமேலயே..."

அட பாவி மனுஷா! பூச்சு பெயர்ந்தால் துணியும் கூடவே வந்துவிடுமே. அவனை மட்டும் திட்டி என்ன செய்ய? அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல் என்று இவள் வீட்டில் இருந்துவிட்டாள். விக்டர் அனுப்பிய போட்டோவில் பூச்சு காங்கிரீட்டைப் போலவே தெரிந்தது. போதும் என்று கையெழுத்துப் போட்டாள்.

டீ குடித்துவிட்டு வாங்க என்று நைசாகச் சொல்லி இந்தப் பெண்களை அனுப்பிவிடலாமா? பேரும் கெடாது. இப்படி நினைத்த அதே நொடியில் அடுத்த மூட்டை விழுந்தது. அவள் மணிக்கட்டில் பூச்சுத் தூள் கொட்டியது.

"வெளிய ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! மேல மூட்டைய நிறுத்துங்க, இறங்கி வாங்க!"

பெண்கள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாடியில் இருந்தவர்களும் வெளிப்படி வழியாகத் தடதடவென்று இறங்கினார்கள். பெலிண்டாவும் ஏணியை விட்டு இறங்கி வாசலுக்கு ஓடினாள். மில் முதலாளி கியாசுதீன் பதறி வந்தார்.

"யா அல்லாஹ், என்னம்மா இது? எல்லாம் பலமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் பார்க்கல பாய். பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே படாரென்று சத்தம். வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கறுப்புத் துணி முழு நீளத்துக்கும் பிய்ந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பூச்சுப் பாளங்களோடு கிடந்தது. மேலே பீம் நின்றது. விரிசல் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

காளியாயி தன் மருமகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பயமா இருக்குன்னு காலையில கேட்டேன். ஒண்ணும் ஆகாது, உக்காருங்கன்னு சொன்னீங்க. அதனாலதாம்மா இவளையும் கூட்டியாந்து பக்கத்துல உக்கார வச்சேன். இனிமே நீங்க சொன்னா நாங்க எப்படிம்மா உள்ள போறது?"

நாணயம் இன்னும் பெலிண்டாவின் உள்ளங்கையில் இருந்தது.

"நான் சொன்னாலும் போகாதீங்கக்கா" என்றாள்.