ஜாமீன் கையெழுத்து

தம்பி உள்ளே வந்து செருப்பைக் கழற்றியபோது அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பதினோரு வருடம் கழித்து இந்த வாசல்படி ஏறுகிறான். அதுவும் அவருடைய மகள் அழைத்து.

"உக்காருங்க சித்தப்பா" என்றாள் மகள். வீட்டுக்குப் பெரியவர் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அவர் சொல்லவில்லை. தம்பியின் நகக்கண்களில் பட்டறைக் கிரீஸ் இருந்தது. சட்டை மட்டும் புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

மேசைமேல் வங்கியின் கல்விக்கடன் படிவம் கிடந்தது, ஜாமீன் கையெழுத்து மட்டும் பாக்கியாக. சனிக்கிழமை, ஒரு மணிக்கு வங்கி மூடிவிடும். இன்றே கொடுக்காவிட்டால் கல்லூரியில் மகளுக்குக் கிடைத்த இயற்பியல் இடம் கைவிட்டுப் போய்விடும். மணி பதினொன்றரை.

அதே வங்கியில் முப்பத்தோரு வருடம் கடன் பிரிவில் இருந்தவர் அவர். கடன் படிவங்களைச் சரிபார்ப்பதும், தவணை தவறியவர்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவதும் அவர் வேலை. நாலு மூலையும் படிய, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டுவார். முதுகுக்குப் பின்னால் ஊர் அவரைப் 'பசை' என்றே சொன்னது. தம்பி பட்டறைக்கு லேத் வாங்கிய கடனில் மூன்று தவணை நின்றபோது, வேறு ஆளை அனுப்பலாம் என்றார் மேலாளர். தம்பி வீட்டுக் கதவு என்று ஒதுங்கினால் நாளை எவன் கதவைத் தட்ட முடியும் என்று அவரே பிரஷோடு போனார். தம்பி மனைவி ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடன் ஒன்றரை வருடத்தில் அடைந்தது. பேச்சு நோட்டீஸ் ஒட்டிய அன்றே நின்றது.

"லிஃப்ட் கம்பெனிக்காரன் வேலையும் கத்துக்கொடுத்து முதல் மாசத்துலேருந்தே சம்பளமும் தர்றேங்கிறான்" என்றார் மகளிடம், தம்பி அங்கே இல்லாததுபோல. "நாலு வருஷத்துல எட்டு லட்சம் கையில நிக்கும். இந்தப் பக்கம் வட்டியோட ஒன்பது லட்சம் கடன். பதினேழு லட்சம் பள்ளத்துல இறங்கி நின்னுக்கிட்டு நீ நட்சத்திரம் பார்க்கப் போறியா?"

"நானும் கணக்குப் போட்டேம்ப்பா. நீங்க நாலு வருஷத்தோட நிறுத்திட்டீங்க. பன்னெண்டாவது வருஷம் ரெண்டும் சமமாகுது."

"வேலை கிடைச்சா."

"ஆமா, கிடைச்சா." அவள் குரல் இறங்கவில்லை. "லிஃப்ட் கிளம்பும்போது உடம்பு கனக்குதே, அது ஏன்னு அங்க எவனும் சொல்லித் தரமாட்டான்ப்பா. எந்த நட்டை முறுக்கணும்னுதான் சொல்லுவான்."

"கனத்தா கனத்துட்டுப் போகுது! கடன் வாங்காத குடும்பம் இது."

தம்பி முதல்முறையாக வாயைத் திறந்தான். "நான் எந்தக் குடும்பம்ண்ணே?"

அவர் மேசைமேல் கிடந்த படிவத்தின் ஓரத்தை நேராக்கினார்.

"நான் போடுறேன் கையெழுத்து. நாளைக்கு இவ கட்டலேன்னா என் கதவுலதானே ஒட்டுவாங்க? அதுக்குப் பழக்கம் இருக்கு." சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். "அந்தப் பசையை இன்னும் சுரண்டலை. சாயம் அடிச்சாலும் நாலு மூலை தெரியுது. நல்லா ஒட்டியிருந்தீங்க."

சமையலறை வாசலில் வந்து நின்ற அவர் மனைவி உள்ளே திரும்பிப் போனாள்.

அவருக்குக் காது மடல் கொதித்தது. தன் பெண் படிக்க இவன் ஜாமீனா? நாளை லேத் பட்டறையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டே பேசமாட்டார்களா, 'பசையின் மகளை யார் படிக்க வைத்தது தெரியுமா' என்று?

"என் பொண்ணுக்கு நீ யார்டா ஜாமீன்?"

தம்பியின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, முழுக் கையெழுத்தும் போட்டார். கீழே இரண்டு கோடு. பக்கத்தில் தேதி. பேனாவை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

ஜாமீன்தாரர் கட்டம் வலப்பக்கம் காலியாக இருந்தது. அவர் கையெழுத்து இடப்பக்கம், 'சரிபார்த்த அதிகாரி' என்ற கட்டத்தில், ஆயிரக்கணக்கான படிவங்களில் போட்ட அதே இடத்தில், அதே சாய்வில் கிடந்தது.

தம்பி குனிந்து படித்தான். இம்முறை சிரிக்கவில்லை. "இன்னும் அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கீங்களாண்ணே?"

அடித்துத் திருத்திய படிவத்தை வங்கி வாங்காது. அவரே அப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

மகள் பைக்குள்ளிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கூடவே ஒரு ரப்பர். எல்லாக் கட்டங்களும் மையில் நிரம்பியிருந்தன. ஜாமீன்தாரர் பெயர் மட்டும் பென்சிலில். சித்தப்பாவின் பெயர்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த எழுத்துகளைப் பார்த்தார். காகிதத்தில் தடமே பதியாதபடி, அழித்தால் தெரியாத அளவுக்கு, அழுத்தாமல் எழுதியிருந்தாள்.