கோணல் எந்தப் பக்கம்

பெட்டியைத் திறந்ததும், கடைக்காரர் பாதித் துப்பாக்கியைத்தான் கொடுத்தனுப்பிவிட்டாரோ என்ற ஐயம் ராய்ஸ் டாக்கெட்டுக்கு எழுந்தது. அவ்வளவு சிறியது. மர ஆலையில் பலகை சுமந்து அகன்றுபோன அவனுடைய கைக்குள் அதன் பிடி முழுவதுமாக மறைந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டன. சுண்டுவிரல் மட்டும் விருந்துக்கு அழைக்கப்படாத உறவினரைப்போல வெளியே காற்றில் நின்றது.

"ராணி வீட்டுல டீ குடிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள் அவன் மனைவி நெல்டா. "அந்த விரலை இன்னும் கொஞ்சம் நீட்டு. பிஸ்கட் தர்றேன்."

"வாங்கின அன்னிக்கே ஆரம்பிச்சிட்டியா?"

"நான் எங்க ஆரம்பிச்சேன்? உன் விரல்தான் ஆரம்பிச்சுது."

ராய்ஸின் கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அப்பா விட்டுச்சென்ற கனத்த ரிவால்வரைத் தூக்கினாலே முழங்கைவரை வலி ஏறும். துப்பாக்கி சிறியதென்றால் சுடும்போது கையில் விழும் உதையும் சிறியதாகத்தானே இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். கேட்பவர் எவருக்கும் நியாயமாகத் தோன்றக்கூடிய வாதம்தான். துப்பாக்கி மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ரிவால்வர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போகும் பழைய நண்பன் என்றால், இது உள்ளங்கையில் சுள்ளென்று பிரம்பால் அடித்தது. துப்பாக்கிக் கிளப்பின் சுடுதளத்தில் முதல் தோட்டா வெடித்ததும் ராய்ஸ் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, கை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

ஆனாலும் அது உதைத்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும் சனிக்கிழமை கிளப்பில் தம்பதிகள் போட்டி. கணவனும் மனைவியும் ஒரே துப்பாக்கியால், ஒருவர்பின் ஒருவராகச் சுட வேண்டும். கடைசி இடத்தைப் பிடிக்கும் தம்பதி செனட்டரை வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டும் என்பது டென்னசி மலையடிவாரத்திலிருந்த அந்தக் கிளப்பின் மாறாத விதி.

செனட்டர், பஞ்சு அடைத்த ஓர் ஒபோசம். பூனையளவு உடலும் பெருச்சாளியின் முகமும் கொண்ட காட்டுப் பிராணி. அந்தப் பக்கத்தார் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு அதைப் 'பாசம்' என்றே சொல்வார்கள். ஆனால் தமிழில் அந்தச் சொல் குறிக்கும் எதையும் இந்த முகத்தில் காண முடியாது. பாடம் செய்தவர் ஒரு கண்ணாடிக் கண்ணைக் கூரையைப் பார்க்கும்படியும் மற்றதை விருந்தாளியைப் பார்க்கும்படியும் பொருத்தியிருந்தார். வாய் எப்போதும் திறந்தே இருந்ததால் செனட்டர் என்ற பெயர் வந்தது. கூடத்தில், சோஃபாவுக்கு நேரெதிரே, அடுத்த போட்டிவரை அது வீற்றிருக்க வேண்டும். டாக்கெட் வீட்டில் அது மூன்றாம் ஆண்டாக வீற்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தோழிகள் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நெல்டாவோடு சுவரைப் பார்த்தபடி பேசினார்கள்.

"நாலாவது வருஷமும் அது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா," என்று நெல்டா முன்பே சொல்லிவைத்திருந்தாள், "என் தலைகாணில அதைப் படுக்க வெச்சுட்டு நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அது உன்னைவிடக் குறைவாத்தான் குறட்டை விடும். உனக்குத்தான் கஷ்டம்."

நெல்டா சொன்னதைச் செய்கிறவள். எனவே ராய்ஸ் மறுபடியும் துப்பாக்கியை எடுத்தான். மேகசினிலிருந்த மிச்சத் தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்தான். இலக்கு அட்டையைப் பார்த்தால், நடுவட்டம் கன்னிமை கெடாமல் இருந்தது. துளைகள் அனைத்தும் இடப்பக்கத்தில், கீழே, ஒரே சரிவாக இறங்கியிருந்தன.

"சைட் கோணல்," என்றான் ராய்ஸ்.

துப்பாக்கியின் முதுகில், பின்பக்கம் பள்ளம் வெட்டிய சிறு இரும்புத்துண்டு ஒன்று இருக்கும். முன்பக்கத்து வெள்ளைப் புள்ளியை அந்தப் பள்ளத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திச் சுட வேண்டும். ராய்ஸ் குற்றம்சாட்டியது அந்தத் துண்டைத்தான்.

"குடு பாப்போம்," என்று வாங்கினாள் நெல்டா. அவள் இடக்கைக்காரி. துப்பாக்கியை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு சுட்டாள். அவள் சுட்ட துளைகளும் கீழேதான் போயின. ஆனால் வலப்பக்கம்.

"நீ சொன்னது சரிதான் ராய்ஸ். சைட் கோணல்தான்."

ராய்ஸ் மனம் குளிர்ந்தான். மணமான நாள்முதல் நெல்டா அந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

"ஆனா அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

சுடுதளத்தின் பொறுப்பாளர் ஓபல், ஆரஞ்சு நிறச் சட்டையும் மெகாபோன் தேவைப்படாத குரலும் உடையவள். இருவருடைய அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். நடுவட்டத்துக்குக் கீழே இருபுறமும் துளைகள் சரிந்து இறங்கின.

"மீசை," என்றாள் ஓபல். "எங்க மாமாவுக்கு அச்சு அசல் இப்படித்தான் இருந்துச்சு."

"சைட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு ஓபல்."

"சைட்டுக்கு ஒரு கேடும் இல்ல. வெடிக்கப்போகுதுன்னு நினைச்சதுமே உங்க கை முன்னாடியே குனிஞ்சு கும்பிடு போடுது. வலது கைக்காரன் குனிஞ்சா இடது பக்கம் கீழே போகும். இடது கைக்காரி குனிஞ்சா வலது பக்கம். ஒரே சைட்டு ரெண்டு பக்கமும் கோணலா இருக்குமா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அயலார் ஒருவர் நடுவில் நுழைந்தால் எந்தக் குடும்பத்திலும் ஒற்றுமை பிறந்துவிடும்.

"நாங்க யாரும் குனியல," என்றான் ராய்ஸ்.

"கோணல்னு ரெண்டு பேருமே சொல்றோம்ல?" என்றாள் நெல்டா. "அப்புறம் உனக்கென்ன வழக்கு?"

மறுநாள் காலை ராய்ஸ் கொட்டகைக்குள் போய்த் துப்பாக்கியைப் பிடிப்பானில் கவ்வவைத்தான். தோட்டா இடப்பக்கம் போகிறது என்றால் சைட்டை வலப்பக்கம் தள்ள வேண்டும். பித்தளை உளியை வைத்து, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். சைட் மயிரிழை நகர்ந்தது. நெல்டாவிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் விவாதம் வரும். விவாதம் வந்தால் அவன் தோற்பான்.

அவன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் நெல்டா சமையல் மேசைமேல் துண்டை விரித்தாள். தோட்டா வலப்பக்கம் போகிறது என்றால் சைட்டை இடப்பக்கம் தள்ள வேண்டும். உளிக்குப் பதிலாக மரக்கரண்டியின் காம்பையும், சுத்தியலுக்குப் பதிலாக இறைச்சி தட்டும் கட்டையையும் கொண்டு அவள் அதைச் செய்து முடித்தாள். அவளும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் தொங்கிப்போகும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இரவு உணவு இறங்காது.

அடுத்த நாள் ராய்ஸ் பார்த்தபோது சைட் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. மலைக்காற்றின் ஈரத்தில் இரும்பு நகருமோ என்று சந்தேகப்பட்டு, இம்முறை நான்கு தட்டுத் தட்டினான். அவன் ஆலைக்குப் போனதும் அது மறுபடியும் வலப்பக்கம் ஓடிவிட்டதைக் கண்ட நெல்டா, சீன இரும்பாக இருக்கும் என்று முடிவுகட்டிக் கட்டையை ஓங்கினாள். வார இறுதிக்குள் அந்தத் துண்டு இருந்த காடி, ஆடும் பல்லின் ஈறுபோலத் தளர்ந்துவிட்டது.

சனிக்கிழமை செனட்டரைக் காரின் பின்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்து அழைத்துவந்தார்கள். கிளப்பில் அதை முட்டைப் பதார்த்தங்களுக்கு நடுவே, மேசையின் தலைமாட்டில் வைத்தார்கள். நெல்டாவின் தங்கை கணவன் ஹாய்ட் அதன் தலையைத் தடவிக்கொடுத்தான். ஆண்டுதோறும் கோப்பை வாங்குகிறவன். செனட்டர் கூடத்தில்தான் இருக்கிறாரா என்று மாதந்தோறும் திடீர்ச் சோதனைக்கு வருகிறவனும் அவன்தான்.

"இளைச்சுட்டாரே சகலை! சாப்பாடு போடறதில்லையா? சரி விடு, இன்னொரு வருஷம் இருக்கு, தேத்திடலாம்."

"உன் வாயும் அதோட வாயும் ஒரே சைஸ் ஹாய்ட்," என்றாள் நெல்டா. "பஞ்சு மட்டும்தான் பாக்கி."

சீட்டுக் குலுக்கியதில் ஹாய்ட் தம்பதிக்குக் கடைசி முறை வந்தது. டாக்கெட் தம்பதிக்கு அதற்கு முந்தையது. அவர்கள் முறை வருவதற்குள், நெல்டாவின் மனக்கணக்கில், தோற்கக்கூடியவர்கள் எல்லாரும் தப்பியிருந்தார்கள். ராய்ஸ் சுடும் கோட்டில் போய் நின்றான். காதுமூடிகளை மாட்டிக்கொண்டான். சுண்டுவிரல் காற்றில் நின்றது. சுட்டான்.

துப்பாக்கி உதறியது, அதன் முதுகிலிருந்து ஏதோ ஒன்று துள்ளி எழுந்து, வெயிலில் மின்னி, ஓபலின் காலணிக்கருகே விழுந்தது. ஓபல் சுடுவதை நிறுத்தச்சொல்லிக் கையை உயர்த்தினாள். குனிந்து அதை எடுத்தாள்.

"உங்க குற்றவாளி," என்றாள். "சரணடைஞ்சுட்டான்."

ராய்ஸ் சைட் இல்லாத துப்பாக்கியைப் பார்த்தான். "எப்படிக் கழண்டுச்சு? நான் லேசாத்தானே வலது பக்கம் தட்டினேன்!"

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"வலது பக்கமா?" என்றாள் நெல்டா. "நீயா? நான் கையொடிய இடது பக்கம் தட்டிட்டு இருந்தேனே!"

"எதால தட்டினே?"

"கறி தட்டற கட்டையால."

"கறிக்கட்டையாலயா! புதுத் துப்பாக்கிடி அது!"

"பின்ன உன் தலையிலயா தட்டுவேன்? அது நகராதே!"

ஹாய்ட் முதலில் மூக்கால் சிரித்தான். பிறகு வயிற்றால் சிரித்தான். முடிவில் மேசையைப் பிடித்துக்கொண்டு, செனட்டரின் முதுகில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான்.

ஓபல் துப்பாக்கியை வாங்கிச் சோதித்தாள். சுடுவதில் ஆபத்தில்லை. ஆனால் தொடங்கிய துப்பாக்கியாலேயே முடிக்க வேண்டும் என்பது விதி. வேறு துப்பாக்கி கிடையாது.

ராய்ஸ் திரும்பவும் கோட்டில் நின்றான். துப்பாக்கியின் முதுகு மொட்டையாக இருந்தது. அவனும் நெல்டாவும் ஒரு வாரமாக ஒரே வரிக்கு ஆளுக்கொரு உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த வரியையே காணவில்லை. இனிமேல் தோட்டா எங்கே போனாலும் குற்றம்சாட்ட ஓர் இரும்புத்துண்டு இல்லை. மீதி இருந்தது முன்பக்கத்து வெள்ளைப் புள்ளியும் அவனும்தான். அந்த எண்ணம் அவனுக்கு உதையைவிட அதிகமாக உறைத்தது.

"ராய்ஸ்!" நெல்டா பின்னாலிருந்து கத்தினாள். "கண்ணை மூடாதே! வெடிக்கறதுக்கு முன்னாடி நீ கண்ணை மூடறே. நான் அன்னிக்கே பாத்தேன்."

"பாத்தவ அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா நீயும் என்னைச் சொல்லுவே. நானும்தான் மூடறேன்!"

ராய்ஸ் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டான். வெள்ளைப் புள்ளியை மட்டும் பார்த்து, வெண்ணெயில் விரல் அழுத்துவதுபோல விசையை அழுத்தினான். வெடித்தது. வட்டத்தின் விளிம்பில் துளை விழுந்தது. அடுத்தது இன்னும் கொஞ்சம் உள்ளே. நெல்டாவின் முறை வந்தபோது அவன் அவள் காதருகே ஒவ்வொரு தடவையும் "மூடாதே, மூடாதே" என்று கத்தினான். "மூடல, நீ வாயை மூடு" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் கத்திவிட்டுச் சுட்டாள். பரிசு வாங்கும் அளவுக்கு அட்டையில் ஒன்றும் இல்லை. ஆனால் மீசையும் இல்லை.

பிறகு ஹாய்ட் வந்தான். ஒய்யாரமாக நின்றான், பளபளக்கும் தன் பெரிய பிஸ்டலை உயர்த்தினான், மூச்சை உள்ளிழுத்தான். சரியாக அந்த நொடியில் கறிக்கட்டை அவன் நினைவுக்கு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. துப்பாக்கியைக் கீழிறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உயர்த்தினான். மறுபடி கறிக்கட்டை. சுட்ட தோட்டாக்கள் பின்னாலிருந்த மண்மேட்டைத்தான் அதிகம் தொட்டன. தொற்றுநோய் அவன் மனைவி ரோனாவுக்கும் பரவியது. ஓபல் புள்ளிகளைக் கூட்டினாள். சந்தேகத்தோடு மறுபடியும் கூட்டினாள். பிறகு செனட்டரைத் தூக்கி ஹாய்டின் கையில் கொடுத்தாள். அவன் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"மாசாமாசம் வந்து பாப்பேன் சகலை," என்றான் ராய்ஸ். "நல்லா சாப்பாடு போடு."

சைட்டைத் திரும்பப் பொருத்தித் தருவதாக ஓபல் சொன்னாள். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

இப்போது டாக்கெட் வீட்டுக் கூடத்தில், செனட்டர் இருந்த இடத்தில், அந்தச் சிறு இரும்புத்துண்டு ஒரு காபித் தட்டின்மேல் இருக்கிறது. தேவாலயத்துத் தோழிகள் அதை நேருக்குநேர் பார்த்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் ராய்ஸ், யாரும் கவனிக்காத வேளையில், விரல்நுனியால் அதை மயிரிழை வலப்பக்கம் தள்ளிவைக்கிறான். தூசி துடைக்க வரும் நெல்டா அதை இடப்பக்கம் நகர்த்திவைக்கிறாள்.