சீட்டில் எழுதாத நோய்

அக்டோபர் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, ஓரோஸ்பேக் வலியில் துடித்து இறந்தார். அவருடைய வலியைத் தணிக்கும் மருந்து அதே ஊரில், அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. முறையீடு இதுதான்.

அன்று காலை ஜாங்கில் என்ற அவருடைய மகள், நாரின் ஆற்றங்கரை மருந்துக்கடையில் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். கடைக்காரி ராய்ஹான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. ஆனா நோய்ங்கற இடத்துல இரைப்பைப் புண்ணுன்னு போட்டிருக்கே. புண்ணுக்கு மார்ஃபினா? டாக்டர் தூக்கத்துல எழுதினாரா?"

"குடுங்கக்கா. அப்பா துடிக்கிறாரு."

"இங்க பாரு தங்கச்சி. முன்னால இருக்கறத யார் வேணும்னாலும் காசு குடுத்து வாங்கிக்கலாம். பின்னால அலமாரில இருக்கறதுக்குச் சாதாரணச் சீட்டு போதும். இரும்புப் பெட்டிக்கு இந்தத் தனிச் சீட்டு வேணும். அதுல எழுதுற நோய்க்கும் மருந்துக்கும் பொருந்தணும். பொருந்தாமக் குடுத்தா மருந்து வெளிய வரும், நான் உள்ள போயிடுவேன்."

ஜாங்கில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அறிந்த முகங்கள் நின்றன. குரலைத் தாழ்த்தினாள்.

"அது புண்ணு இல்லக்கா. பெரிய நோய்."

"தெரியுது. எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? எழுதினவரப் போய்க் கேளு. அடிச்சுத் திருத்தினாலும் செல்லாது. புதுச் சீட்டு வேணும்."

எழுதியவர் பொய்யர் அல்லர், இளகிய மனத்தர். அந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் அவ்வூரில் இல்லை. ஓரோஸ்பேக்கோ, மலைக்கணவாயில் லாரி ஓட்டிய காலந்தொட்டு, கைக்கு வந்த தாள் எதையும் படிக்காமல் விடாதவர். "அப்பா கண்ணுல பட்டா உடைஞ்சுபோயிடுவாரு, வேற ஏதாவது எழுதுங்க" என்று மருத்துவரிடம் கெஞ்சியவள் ஜாங்கில்தான்.

மருத்துவர் விடியும் முன்பே மேய்ச்சல் நிலத்துக் குடிகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். அங்கே தொலைபேசி எட்டாது. முன் அலமாரி மாத்திரையை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

ஓரோஸ்பேக் மெத்தைகளின்மேல் முழங்காலை மார்போடு மடக்கிக் கிடந்தார். போர்வையின் ஓரம் வாய்க்குள் இருந்தது. மகளைக் கண்டதும் அதை வெளியே எடுத்தார்.

"மகளே, ஊர்ல பாதிப் பேருக்கு வயித்துப் புண்ணு. அதோட குதிரையேறிப் போறான், கல்யாணத்துல ஆடுறான். நான் மட்டும் ஏன் அறுக்கப்போற கெடா மாதிரி கத்துறேன்?"

"மாத்திரை போடுங்கப்பா. கொறையும்."

"பனில வண்டி கவுந்து கால் ஒடைஞ்சப்பக்கூட முனகாதவன் நான். ஒரு புண்ணுக்கு இப்படியா? அவ்வளவு கோழையாடி உங்கப்பன்?"

வாசலில் நின்ற அவளுடைய தம்பி குபாத் தலையை அசைத்தான். சொல்லிவிடாதே என்று பொருள். உண்மை அவளுடைய வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "இல்லப்பா" என்றாள்.

அவர் மறுபடியும் போர்வையைக் கடித்துக்கொண்டார். அதன்பின் அவர் கத்தவே இல்லை. பிற்பகலில், பால் விட்ட தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. கடித்த துணியைப் பற்களிலிருந்து விடுவிக்கக் குபாத்தும் அவளும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது.

முற்றத்தில், உடலைக் கிடத்த, ஆண்கள் கம்பளிக் கூடாரத்தை எழுப்பினார்கள். ஜாங்கில் கறுப்பு உடுத்தி, பெண்களோடு கூடாரத்துக்குள்ளே கம்பளிச் சுவரை நோக்கி அமர்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். வெளியே, துக்க வழக்கப்படி கோலூன்றி அழுதுகொண்டு வந்த ஆண்கள், அழுது ஓய்ந்ததும் பேச்சைத் தொடங்கினார்கள். பெரிய மாமாவின் குரல் கம்பளியைத் தாண்டி வந்தது.

"போயும் போயும் ஒரு வயித்துப் புண்ணா? மலை மாதிரி இருந்தான். பயத்துலயே போயிருப்பான்."

"நாலு நாளா அவன் போட்ட கூச்சல்ல எங்க வீட்டு நாய் தூங்கலப்பா" என்றான் இன்னொருவன். யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள்.

ஜாங்கிலின் ஒப்பாரி நின்றது. பக்கத்தில் இருந்தவள் அவளுடைய தொடையைக் கிள்ளினாள்.

"பாடுடி."

"மாமா!" என்றாள் ஜாங்கில், சுவரைப் பார்த்தபடியே. "அது புண்ணு இல்ல. கேன்சர். குடலெல்லாம் கேன்சர். எங்கப்பா கோழை இல்ல."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தி அவளுடைய முக்காட்டைச் சரிசெய்தாள்.

இதைப் படிக்கிறவரே, உம் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம். அவருடைய மருந்துச் சீட்டை எடும். நோயின் பெயர் எழுதிய இடத்தைப் படியும். அங்கே பொய் எழுதியிருந்தால், எவ்வளவு அன்போடு எழுதப்பட்டிருந்தாலும், இன்றே போய் மாற்றி எழுதி வாங்கும். திரும்பி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயரை அவரிடமும் சொல்லும்.