முதல் மனுதாரர்

படிக்கட்டில் பாதி இறங்கும்போதே சின்னவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினாள். "அத்தான், எடுங்க... எடுங்களேன்!"

பின்னால் ஏழு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். நீதிமன்றத்தில் இப்படிச் சத்தம் போடக்கூடாது என்று காவலர் கையை ஆட்டினார். யார் கேட்பது? அவர்களிலேயே மூத்தவரான மீசைக்காரர், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரிக் கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார்.

எல்லோரும் ஒரே பட்டம் படித்தவர்கள். கணிதமும் கணினிப் பயன்பாடும். அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர் வேலைக்கு எழுதித் தேறிய பிறகு, 'இது கணிதப் பட்டத்துக்கு இணையானது அல்ல' என்று தேர்வு வாரியம் ஒரே வரியில் அவர்களை ஒதுக்கிவிட்டது. அன்றைக்குப் பலர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். சின்னவளின் அக்கா அழவில்லை. வாரியத்தின் வாசலிலேயே நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்து போன் நம்பர் வாங்கினாள். "நான் கேஸ் போடப்போறேன். நீங்க வர்றீங்களா, இல்ல வீட்டுக்குப் போய் அழப்போறீங்களா?" வழக்கில் முதல் மனுதாரர் அவள்தான். அடுத்த பெயர் சின்னவளுடையது.

கடைசியில் அத்தான் போனை எடுத்தார்.

"அக்காகிட்ட குடுங்க!"

"இப்பத்தான் கண் அசந்தா..."

"எழுப்புங்க அத்தான்!"

ஏதோ உரசும் ஓசை. பிறகு அக்காவின் மூச்சு. நுரையீரல் பழுதாகி நாலைந்து மாதமாகவே அவளுக்கு முன்னால் அவள் மூச்சுதான் பேசும்.

"என்னாச்சு?"

"ஜெயிச்சுட்டோம்க்கா!"

"எதை வெச்சு ஒத்துக்கிட்டாங்க? அதைச் சொல்லு முதல்ல."

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வந்து சொல்றேன். நாளைக்கே சான்றிதழ் சரிபார்க்க நம்ம எல்லாரையும் சேர்த்துக்கணும்னு உத்தரவு. நாளையோட அது முடியுது."

"அப்போ எல்லாரையும் கையோட இங்க கூட்டிட்டு வா."

ஆட்கள் கூடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் எட்டுப் பேரும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டார்கள். இருவர் கட்டில் ஓரத்தில், ஒருவர் ஜன்னல் விளிம்பில், மற்றவர்கள் சுவரோடு சுவராக. அக்கா மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் பளபளத்தது.

"ஒவ்வொருத்தரா பேசுங்க. இது வகுப்பு" என்றாள்.

பேசினார்கள். பாடத்திட்டத்தை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்ததாக நீதிபதி சொன்னது. பெயரில் கூடுதலாக ஒரு சொல் இருப்பதால் படித்தது குறைந்துவிடாது என்று அவர் முடித்தது. அந்த இடத்தில் அக்கா கட்டிலை ஓங்கித் தட்டினாள். "இதைத்தானே நானும் வாசல்ல நின்னு கத்தினேன்! ஒண்ணோட இன்னொண்ணு கூடினா எப்படிய்யா குறையும்?"

"கத்தாதே" என்றார் அத்தான். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலில் இருப்பதாலோ என்னவோ, வீட்டில் வாய் திறப்பது அபூர்வம்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள் அக்கா. "அந்த நீலச் சேலையை எடுத்து இஸ்திரி போடுங்க."

அத்தான் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேசையில் போர்வையை விரித்து இஸ்திரிப்பெட்டியைச் செருகினார்.

"வேன்லயே கூட்டிட்டுப் போறேன். பின்சீட்டுல படுத்துக்கலாம்" என்றார், துணியைப் பார்த்துக்கொண்டே.

"படுத்துக்கிட்டா? முன்சீட்டு எனக்கு!"

அடுத்து மீசைக்காரர் எழுந்தார். வாரியத்தின் வக்கீல் எப்படித் திணறினார் என்று நடித்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றுவது, மாட்டுவது, மறுபடி கழற்றுவது, "அது வந்து, மைலார்ட்..." என்று இழுப்பது. அறை அதிர்ந்தது. ஜன்னலில் இருந்தவள் கீழே விழப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் குலுங்கியது. சின்னவளின் கை அவள் கைக்குள் இருந்தது.

மீசைக்காரர் மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றியபோது அந்தப் பிடி தளர்ந்தது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. தோள் அசையவில்லை. நெஞ்சைப் பார்த்தாள், அதுவும் அசையவில்லை. அறையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. கையை விடாமல், அவர்கள் சிரித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் நீலச் சேலையில் அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வெளியே மற்ற ஏழு பேரும் நின்றார்கள். போகவும் கால் வரவில்லை, இருக்கவும் மனம் கொள்ளவில்லை. மீசைக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் உள்ளேயிருந்து தன் சான்றிதழ்ப் பையோடு வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் பெரியப்பா.

"சரிபார்ப்புக்கு."

"அக்காவை இங்க போட்டுட்டா? இன்னும் அடக்கமே ஆகலை. பார்க்கறவங்க வாயில வந்தபடி பேசுவாங்க. ஒரு வேலை போனா இன்னொரு வேலை. அக்கா போனா வருவாளா?"

பதில் அத்தானிடமிருந்து வந்தது. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"அவ போகட்டும் மாமா! எட்டுப் பேரும் போகட்டும். இவங்க போகாம இங்க உட்கார்ந்திருந்தா, உள்ள படுத்திருக்கவ எழுந்து வந்து நம்ம எல்லாரையும் திட்டுவா." அவர் வேன் சாவியை மீசைக்காரரிடம் நீட்டினார். "ஓட்டுவீங்கல்ல? நீங்க வந்த பிறகுதான் எடுப்போம்."

பெரியப்பா ஒதுங்கி வழிவிட்டார்.

வேனில் யாரும் முன்சீட்டில் உட்காரவில்லை.

சரிபார்ப்புக் கூடத்தில் மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அவர்கள் பையைத் திறக்கக்கூட விடவில்லை. "உத்தரவு எதுவும் எங்களுக்கு வரலைம்மா."

"நேத்துதான் சார் தீர்ப்பு. இதோ, போன்ல இருக்கு."

"போன்ல இருக்கறதெல்லாம் செல்லாது. வந்ததும் பார்க்கலாம்."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

இதுவரை இந்த மாதிரி இடங்களில் பேசியது எப்போதும் அக்காதான். சின்னவள் பின்னால் நின்று தலையாட்டுவாள். இப்போது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாய் திறந்ததும் வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நீங்க ஒண்ணு பண்ணலாம் சார். 'உத்தரவு தெரிஞ்சும் திருப்பி அனுப்பறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எட்டுப் பேருக்கும் தனித்தனியா. வாங்கிட்டு நேரா கோர்ட்டுக்குப் போறோம்."

கூடமே திரும்பிப் பார்த்தது. எழுத்தர் பேனாவைத் தொட்டார், விட்டார், தண்ணீர் குடித்தார்.

"அதெல்லாம் நான் எழுத முடியாதும்மா."

"அப்போ எழுதக்கூடியவங்களைக் கூப்பிடுங்க. நாங்க நகரப்போறதில்ல."

மீசைக்காரர் முதலில் தரையில் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள். எழுத்தர் உள்ளே ஓடினார். வெகுநேரம் கழித்து அதிகாரியான ஒரு பெண்மணி கையில் தாளோடு வந்தார். "மெயில்ல வந்திருக்கு. ஏன் இவங்களைத் தரையில உட்கார வெச்சிருக்கீங்க? நாற்காலி போடுங்க."

யாரோ கை தட்டிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அதிகாரி தாளைப் பார்த்து அக்காவின் பெயரை வாசித்தார். "முதல் மனுதாரர். வந்திருக்காங்களா?"



"இல்ல மேடம்" என்றாள் சின்னவள்.

"நாளைக்கு வந்தா என்னால எடுத்துக்க முடியாதும்மா. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவங்களுக்குத் தெரியும் மேடம்."

அதிகாரி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த பெயரை வாசித்தார். சின்னவள் போய் உட்கார்ந்தாள். சான்றிதழ்களைப் புரட்டினார்கள், முத்திரை குத்தினார்கள், கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வாங்கினார்கள். கையொப்பம் போட்டு அவள் எழுந்தபோது எழுத்தர், "வாழ்த்துக்கள் டீச்சர்" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

வேன் தெருவில் திரும்பியதும் வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அத்தான் படியில் நின்றார். சின்னவள் தலையசைத்தாள். அவர் மூச்சை இழுத்து விட்டு உள்ளே போனார்.

சவப்பெட்டியை மூட ஆட்கள் காத்திருந்தார்கள். சின்னவள் குனிந்து, அக்காவின் நெற்றியில் கலைந்து கிடந்த முடியைக் கட்டைவிரலால் ஒதுக்கினாள். காயாத மை அங்கே நீலமாக ஒட்டிக்கொண்டது.

அத்தான் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மூடுங்க" என்றார்.