செவலையின் குட்டி

எனக்கு நாய் என்றாலே ஆகாது. எங்கள் வீட்டுக்காரருக்கோ எந்த நாயைப் பார்த்தாலும் மனசு இளகிவிடும். தட்டில் இருக்கிற களியைக் கிள்ளிப் போட்டுவிட்டு, என்னிடம் வந்து பசிக்கிறது என்பார். அப்படியிருக்க, இந்தக் கொளஞ்சியம்மாள் ஒரு நாய்க்காக மாட்டுப் பவுண்டு வாசலில் மல்லுக்கு நின்றாள் என்றால் கல்லங்குறிச்சியில் யார் நம்புவார்கள்?

எல்லாம் எங்கள் பசு செவலையால் வந்தது. அது ஈன்ற கன்று ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பால் சொரிய வேண்டுமே என்று வீட்டுக்காரர் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஓயாமல் கத்தியது. கடைசியில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் யாரோ ஒருவருடைய கொல்லையில் இறங்கிவிட்டது. கொல்லைக்காரர் அதை ஓட்டிப்போய் அரியலூர் பவுண்டில் அடைத்துவிட்டார். அடுத்தவன் வெள்ளாமையில் மேய்கிற மாட்டுக்கு அதுதான் ஜெயில்.

மீட்கப் போனபோது செவலை கத்தவில்லை. சாவதானமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு நாய்க்குட்டி கிடந்தது. ஸ்டேஷன் பக்கத்துப் பங்களாவில் இருந்த துரையின் சீமை நாய்க்கும் நம்மூர் தெருநாய்க்கும் பிறந்ததாம். ஒரு காது விறைத்து நிற்கும், ஒரு காது தொங்கும். உடம்பெல்லாம் சடை, வால் மட்டும் நம்மூர் வால். சுதந்திரம் வந்ததும் துரை தாய் நாயோடு கப்பல் ஏறிவிட்டார். தெருவில் நின்ற குட்டியைப் பஞ்சாயத்து போர்டு ஆட்கள் பிடித்து, நாய்களைச் சுடுகிற ஆள் வரும்வரை இங்கே கட்டிப் போட்டிருந்தார்கள். செவலை அதன் தலையை நக்கி நக்கி ஈரமாக்கி வைத்திருந்தது.

“இதையும் கொண்டுக்கிட்டுப் போயிடலாமா புள்ள?” என்றார் வீட்டுக்காரர்.

“ஏங்க, நம்ம கஞ்சிக்கே வழியக் காணோம். தொரை வூட்டு வாரிசுக்கு வேற வடிச்சுக் கொட்டணுமா?” என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

செவலையை மட்டும் ஓட்டி வந்தோம். வழியெல்லாம் அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மடி கல்லாக இறுகிக் கிடந்தது. கண்ணோரத்தில் வழிந்த நீரை முந்தானையால் துடைத்துவிட்டேன். கன்றைப் பறிகொடுத்த மாடு. கிடைத்த ஒன்றையும் விட்டுவிட்டு வா என்றால் அது எப்படி வரும்?

விடிந்ததும் செவலையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பவுண்டுக்காரர் செல்லக்கண்ணு பிடிகொடுக்கவில்லை. “சொந்தக்காரவங்களுக்குத்தான் அவுத்து வுடலாம் தங்கச்சி. சுடுற ஆளு ஸ்டேஷன்ல எறங்கிட்டானாம், இப்ப வந்துடுவான்.”

“அது என் செவலையோட கன்னுண்ணே.”

“கன்னா? கொலைக்குதே!”

“கொலைச்சா என்ன? கன்னு யாருதுன்னு தகராறு வந்தா நீங்க என்ன செய்வீங்க?”

பசுவை எதிரில் நிறுத்திக் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். எந்தப் பசுவின் மடிக்குப் போகிறதோ, அந்த வீட்டுக் கன்று. பவுண்டில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மாடு மீட்க வந்திருந்தவர்களும் வேடிக்கைக்குக் கூடிவிட்டார்கள். “அவுத்துத்தான் வுடேன்யா, பாத்துடுவோம்!”

செவலையை வாசலில் புளியமரத்தடியில் நிறுத்தினேன். செல்லக்கண்ணு குட்டியின் கயிற்றை உருவினார்.

குட்டி வாசலைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஸ்டேஷன் ரோட்டில் ஓடியது. துப்பாக்கிக்காரன் வருகிற ரோடு. “ஏய், இந்தா, இந்தா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரலை அதற்கு எங்கே தெரியும்?

அப்போது செவலை கத்தியது. இத்தனை நாள் கத்திய கத்தல் இல்லை. மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசு தெருமுனையிலேயே கன்றைக் கூப்பிடுமே, அந்தக் குரல்.

குட்டி நின்றது. தொங்குகிற காதும் நிமிர்ந்தது. அப்படியே திரும்பி ஓடிவந்து, செவலையின் காலுக்குள் புகுந்து மடியில் முட்டியது. செவலை கழுத்தை வளைத்து அதன் முதுகை நக்கியது. கல்லாக இறுகியிருந்த மடியிலிருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்கியது.

செல்லக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஓட்டிக்கிட்டுப் போ தங்கச்சி. கன்னுக்குட்டியச் சுடுறதுக்கெல்லாம் போர்டுல ஆளு கெடையாது.”

பாதி வழியில் குட்டி நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. நான் வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். மோவாயை நக்கியது. செவலை கூடவே உரசிக்கொண்டு நடந்தது.

“கை வலிக்கும் புள்ள, குடு, நான் தூக்கிக்கிறேன்” என்று வீட்டுக்காரர் ஆசையோடு கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.