பின்னறை ரம்பம்

பின்னறையிலிருந்து 'கர்ர்ர்' என்று ரம்பம் ஓடும் சத்தம் கிளம்பியதும், கூடத்தில் அம்மாவின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் தூக்கிவாரிப் போட்டது போல் எழுந்துவிட்டார்கள்.

"ஐயோ, அவதான்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் அத்தை.

அம்மா இங்கே கண்மூடிப் படுத்திருக்கிறாள். அங்கே ரம்பம் ஓடுகிறது. யாருக்கும் எழுந்து போய்ப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மகள் மட்டும் ஓடினாள்.

அவள் போவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. பின்னறையில் தம்பி, மேஜையின் ஒரு பக்கத்தைத் தூக்கிய கோலத்தில் வெளிறிப்போய் நின்றிருந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. மேஜைய நகர்த்தினேன், அதுவா ஓடுது. வண்டி வர்றதுக்குள்ள இந்தச் சனியனைத் தூக்கி வெளிய போடுன்னு அத்தைதான் சொன்னாங்க."

"அத்தை சொன்னா என்னையும் தூக்கி வெளிய போடுவியா? கைய எடுடா."

காலையிலிருந்து அவளுக்குள் உலை கொதித்துக்கொண்டிருந்தது. காரணம் அப்பா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போனா. மெஷின் ஓடிட்டே இருந்துச்சு. சரி, வேலை பாக்குறான்னு இருந்துட்டேன். அவ கூப்பிட்டிருந்தாலும் அந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும்? அஞ்சரைக்குப் போய்ப் பார்க்கிறேன், அவ விழுந்து கெடக்கா, மெஷின் அப்பவும் ஓடுது. என் கையாலதான் சுவிட்ச அணைச்சேன்."

நாலைந்து பேருக்குச் சொன்ன பிறகு கதைக்கு ஒரு வால் முளைத்தது.

"இந்த மெஷின் மட்டும் வீட்டுக்கு வராம இருந்திருந்தா அவ இருந்திருப்பா."

அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கண்களும் மகளைத் தேடி வந்தன. மெஷினை வாங்கிக் கொடுத்தவள் அவள்தானே. "பொம்பளைக்கு எதுக்குடி ரம்பம்? பேசாம ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாது?" என்று அத்தை முகத்துக்கு நேரே கேட்டாள். "விழுந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. உடனே கொண்டு வந்திருந்தா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம்" என்று நேற்று டாக்டர் சொன்னது வேறு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

அம்மா நாற்பது வருஷம் தைத்தவள். தெரு முழுக்க அவளை 'டைலரம்மா' என்றுதான் கூப்பிடும். அறுபத்திரண்டு வயதில் ஒருநாள் கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, மகளைப் போனில் அழைத்தாள்.

"எனக்கு ஸ்க்ரோல் சான்னு ஒரு ரம்பம் வேணும்டி. போன்ல பார்த்தேன். நூல் மாதிரி பிளேடு, நம்ம தையல் ஊசியாட்டம் மேலயும் கீழயும் போகுது. பலகைய இப்படி அப்படித் திருப்பினா, பறவை, மீன், மரம், என்ன வேணா வெட்டி எடுக்கலாம்."

"எதுக்கும்மா இதெல்லாம்? விக்கப் போறியா?"

"விக்கிறதுக்கு இல்லடி. இத்தனை வருஷம் ஊரார் அளவுக்கு வெட்டினேன். இனி என் இஷ்டத்துக்கு வெட்டணும்."

வாங்கி அனுப்பினாள். முதல் நாளே கூத்து. பிளேடின் பல் கீழே பார்த்திருக்க வேண்டும். அம்மா அதை மேலே பார்க்க மாட்டிவிட்டாள். பலகை துள்ளிப் போய் அப்பாவின் காலடியில் விழுந்தது. அவர் முப்பத்தைந்து வருஷம் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். எந்த மெஷினிலும் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். திருத்திக் கொடுத்திருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதோடு விட்டாரா? ஒரு வாரம் போன் செய்தவர்களுக்கெல்லாம் அதே கதைதான்.

"இனிமே இந்த ரூமுக்குள்ள கால் வெக்காதீங்க" என்றாள் அம்மா.

"நீ கூப்பிட்டாக்கூட வரமாட்டேன்" என்றார் அப்பா.

ஒரு வருஷமாக அவர் பின்னறையின் வாசற்படியைத் தாண்டவில்லை. விட்டுக்கொடுத்தால் தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடும் பாருங்கள்! அம்மாவும் அவரை அழைக்கவில்லை. ஓட்டை போட்ட பலகைக்குள் பிளேடைக் கோக்கும்போது, ஊசியில் நூல் கோக்கிற பழக்கத்தில் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு, தன்பாட்டில் மீன்களையும் பறவைகளையும் வெட்டித் தள்ளினாள். சுவர் முழுக்க அவைதான்.

"அதுவா எப்படிடா ஓடும்?" என்று தம்பியிடம் சீறினாள் மகள்.

"தெரியலையே. அப்பாதான் நேத்தே சுவிட்ச அணைச்சிட்டேன்னாரே."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

மகளின் பார்வை கீழே இறங்கியது. தம்பியின் கால் பக்கத்தில், மேஜைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெடல்.

மெஷின் வந்த இரண்டாம் மாதம் அம்மா கேட்டது அது. "கால் சும்மா இருந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குதுடி" என்றாள். மகள்தான் வாங்கி அனுப்பினாள். எலக்ட்ரீஷியன் வந்து பொருத்தினான். அப்பா அன்றைக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று அம்மா போனில் குறைப்பட்டுக்கொண்டாள்.

"அந்தப் பெடலை மிதி."

"அக்கா, கூடத்துல எல்லாரும்..."

"மிதிடா!"

மிதித்தான். கர்ர்ர்.

"எடு."

நின்றது.

"இன்னொரு தடவை."

கர்ர்ர். நின்றது. கூடத்தில் பேச்சு அடங்கிப்போனது.

"விழுந்த பிறகும் அம்மாவோட கால் அதுமேலயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றான் தம்பி மெதுவாக. அவன் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

"தூக்கினவன் நீதானே? எப்படிக் கெடந்தாங்க?"

அவன் யோசித்தான். "நாற்காலியோட பக்கவாட்டுல சாஞ்சு... கால் அந்தச் சுவரோரம். பெடல் இங்க."

மகள் மேஜை மேல் குனிந்தாள். பாதி வெட்டிய பறவை ஒன்று பிளேடில் மாட்டியபடி இருந்தது. பென்சில் கோட்டின் மேலேயே, முடி அளவுகூட விலகாமல் வந்த வெட்டு, இறக்கையின் வளைவில் கோட்டை விட்டு விலகி, ஒரு விரல்கடை தூரம் நேராகப் போய் நின்றிருந்தது. கோட்டைத் தாண்டி வெட்டுகிறவள் இல்லை அம்மா.

செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அப்பா. வாசற்படிக்கு வெளியே நின்றார். இன்றைக்கும் உள்ளே வரவில்லை.

"எதுக்கு அதை நோண்டுறீங்க? அவ உசிரை எடுத்தது போதாதா?"

"சுவிட்ச நீங்கதான் அணைச்சீங்களாப்பா?"

"எத்தனை தடவை சொல்றது? நான்தான்..."

"வாங்க. வந்து எப்படி அணைச்சீங்கன்னு காட்டுங்க."

அவர் அசையவில்லை. அவருக்குப் பின்னால் அத்தையின் தலை தெரிந்தது. "அப்பனை நிக்க வெச்சு விசாரணை பண்ற நேரமாடி இது?"

"காலையிலேர்ந்து என்னைய நிக்க வெச்சுத்தானே எல்லாரும் பண்ணீங்க, அத்தை? அப்ப நேரம் சரியா இருந்துச்சா?"

அத்தையின் தலை பின்னுக்குப் போனது.

மகள் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் மிதித்தான். ரம்பம் ஓடியது. காலை எடுத்தான். நின்றது.

அப்பாவின் கண்கள் சத்தத்தைத் தேடி மேஜையிலிருந்து கீழே இறங்கின. ஃபிட்டரின் கண்கள். வயர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெடலில் நின்றன.

"அது என்ன?" என்றார்.

"அம்மாவோட பெடல். பத்து மாசமா இருக்கு. மிதிச்சாத்தான் ஓடும். காலை எடுத்தா நின்னுடும்."

அவர் முகம் ரத்தமிழந்து வெளுத்தது. வாசல் நிலையைக் கையால் பிடித்துக்கொண்டார். வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தமும், யாரோ வழி சொல்கிற குரலும் கேட்டன. ஒருவரும் திரும்பவில்லை.

கத்த வேண்டும் என்றுதான் மகள் வாயைத் திறந்தாள். வந்தது தணிந்த குரல்.

"எந்த மெஷினோட சத்தமும் உங்க காதுக்குத் தப்பாதுப்பா. இது எப்ப நின்னுச்சு?"

அப்பா பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்தார். சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, மேஜைக்கு நேராக, அவள் உட்காரும் இடத்தில் வைத்தார்.

"மூணு பத்துக்கு" என்றார். "அப்பாடா, ஒருவழியா ஓஞ்சுதுன்னு... திரும்பிப் படுத்துக்கிட்டேன்."